மாதிரி ரயில் தளத்தில் நிலக்காட்சியும் கட்டட நுணுக்கங்களும்: வரிசை தவறாமல் அமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டவாளம் பதித்து, வயர்களை இணைத்து, என்ஜின் முதல் சுற்றை முடித்ததும் புதியவர்களின் கை நேராக மரங்களையும் நிலையக் கட்டடத்தையும்தான் தேடிப் போகிறது. வெறும் பலகையின் மேல் அவற்றை ஒட்டிவிட்டு, பிறகு சுற்றிலும் மண்ணையும் புல்லையும் நிரப்பப் பார்க்கிறார்கள். மரம் கையை இடிக்கிறது, ஜல்லிப் பசை சுவரில் தெறிக்கிறது, பிளாஸ்டர் தூள் கூரையில் படிகிறது. கடைசியில் ஒட்டியதையெல்லாம் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். பின்னாலிருந்து முன்னுக்கு, கீழிருந்து மேலுக்கு, ஈர வேலை முடிந்த பிறகே உலர் வேலை என்ற மூன்று விதிகளின்படியே கீழ்க்காணும் படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். அளவுகள் 1:87 விகிதமுள்ள எச்.ஓ. தளத்துக்கானவை; 1:160 விகிதத்தில் கட்டுவோர் அவற்றை ஏறக்குறையப் பாதியாக்கிக்கொள்ளலாம்.

1. தொடங்கும் முன் முடிந்திருக்க வேண்டியவை

ரயில் பழுதின்றி ஓட வேண்டும். உங்களிடமுள்ள எல்லா என்ஜின்களையும் இரு திசைகளிலும் ஓட்டுங்கள். மிக நீளமான வண்டித்தொடரைப் பின்னோக்கித் தள்ளி, ஒரு தடம் இரண்டாகப் பிரியும் இடமான பாயின்ட் ஒவ்வொன்றையும் கடக்கச் செய்யுங்கள். முன்னோக்கி இழுக்கும்போது மறைந்திருக்கும் குறைகள் தள்ளும்போதுதான் வெளிவரும். ஜல்லியைப் பசையிட்டு இறுக்கிய பிறகு அரை மில்லிமீட்டர் நகர்ந்த இணைப்பைச் சரிசெய்வதென்றால் கொத்திப் பெயர்த்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது இடைவெளிச் சோதனை. வளைவில் போகும்போது நீளமான பெட்டியின் நடுப்பகுதி உட்புறமாகவும், இரு முனைகள் வெளிப்புறமாகவும் தண்டவாளத்தைத் தாண்டி நீளும். பெட்டியின் பக்கவாட்டில் நடுவிலும் மூலையிலும் ஒவ்வொரு பென்சிலை மாஸ்கிங் டேப்பால் கட்டி, அதன் முனை பலகையைத் தொடுமாறு வைத்து, பெட்டியைக் கையால் மெல்லத் தள்ளிக்கொண்டே போனால் இரண்டு கோடுகள் பலகையில் தானாக விழும். அந்தக் கோடுகளுக்கு அப்பால் குறைந்தது 5 மி.மீ. விட்டுத்தான் சுவரோ தூணோ நடைமேடையோ வரலாம். கண்ணளவில் இடம்விட்டவர்கள் நடைமேடையின் விளிம்பை அரம் கொண்டு தேய்த்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2. அளவுகளை முதலில் கையில் வைத்துக்கொள்ளுதல்

நிலக்காட்சி பொம்மைபோலத் தெரிவதற்குப் பெரும்பாலும் விகிதம் கலைந்திருப்பதே காரணம். எச்.ஓ. விகிதத்தில் 1.74 மீட்டர் உயரமுள்ள ஆள் 20 மி.மீ.; 2.1 மீட்டர் கதவு 24 மி.மீ.; 15 மீட்டர் மரம் ஏறத்தாழ 172 மி.மீ. இந்தக் கடைசி எண் பலருக்கு வியப்பளிக்கும், ஏனெனில் ‘மரம்’ என்று பொதியில் விற்கப்படுபவை பல 60, 70 மி.மீ. உயரத்துக்கு மேல் போவதில்லை. நிஜத்தில் அவை 6 மீட்டர் உயரமுள்ள சிறு மரங்கள்.

ஆள் உருவம் ஒன்றை ஒரு குச்சியின் நுனியில் ஒட்டி எப்போதும் பக்கத்தில் வைத்திருங்கள். பாறை, வேலி, படிக்கட்டு எதை வைத்தாலும் அந்த ஆளை அருகில் நிறுத்திப் பாருங்கள். அளவுகோலைவிட விரைவாக அவர் தவறைக் காட்டிக்கொடுத்துவிடுவார்.

3. பின்திரை

சுவரையொட்டிய தளமானால் வானத்தை முதலில் வரைந்து முடியுங்கள். மலையும் மரமும் வந்த பிறகு அவற்றின் மேல் சாய்ந்துகொண்டு வண்ணம் தீட்ட முடியாது. அடிவானத்தருகே நீலம் வெளிறியும் மேலே போகப்போக அடர்ந்தும் இருக்க வேண்டும். மூலையைச் செங்கோணமாக விடாமல் வளைந்த தகடு அல்லது அட்டை கொண்டு உருட்டிவிடுங்கள். மூலையில் விழும் நேர்க்கோட்டு நிழல் மட்டுமே வானம் என்ற மயக்கத்தைக் கலைக்கப் போதும்.

4. நிலத்தின் வடிவம்

தெர்மோகோலைவிட அடர்த்தியான, மணிகளாக உதிராத எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன் தகடுகளே இதற்கு ஏற்றவை. 25 அல்லது 50 மி.மீ. தடிமனுள்ள தகடுகளை அடுக்கி ஒட்டி, நீளமான கத்தியால் செதுக்கிப் பின் உப்புத்தாளால் தேய்த்தால் மேடும் பள்ளமும் கிடைக்கும். சூட்டுக்கம்பியால் அறுப்பது எளிதுதான், ஆனால் அதில் எழும் புகை மூச்சுக்கு ஆகாது; சன்னலைத் திறந்து வைத்தே அந்த வேலையைச் செய்யுங்கள்.

பசையில் இரண்டு எச்சரிக்கைகள். கரைப்பான் கலந்த பசையும் ஸ்பிரே பெயின்ட்டும் பாலிஸ்டைரீனைக் கரைத்துக் குழியாக்கிவிடும். வெள்ளைப் பசை கரைக்காது, ஆனால் இரண்டு பெரிய தகடுகளுக்கு நடுவே காற்று புகாததால் அது காயப் பல நாள் எடுக்கும். நான் ஒருமுறை மூன்று நாள் பாரம் வைத்துவிட்டுச் செதுக்கத் தொடங்கியபோது மேல்தகடு கத்தியோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு வந்தது. நுரைத்தகடுகளுக்கென்றே உள்ள பசையைப் பயன்படுத்துங்கள். வெள்ளைப் பசைதான் கையில் இருக்கிறதென்றால் நீண்ட மரக்குச்சிகளை ஊடே குத்தி நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

தண்டவாளம் இருக்கும் மட்டத்திலேயே எல்லா நிலமும் இருப்பது புதியவர்களின் தளத்தில் தவறாமல் காணப்படும் குறை. ரயில்பாதை நிஜ நிலத்தில் ஓரிடத்தில் கரை எழுப்பியும் இன்னோரிடத்தில் மண்ணை வெட்டியும் போகிறது. ஆகவே பாதைக்குப் பக்கத்தில் சில இடங்களிலாவது நிலம் கீழே இறங்க வேண்டும். கரையின் சரிவு ஓர் அலகு உயரத்துக்கு ஒன்றரை அலகு அகலமாக இருந்தால் கண்ணுக்கு இயல்பாகப் படும். மண்கரையை இதைவிடச் செங்குத்தாக வைக்க விரும்பினால் தாங்குசுவர் எழுப்புங்கள், இல்லாவிட்டால் அது பாறையாக இருக்கட்டும்.

இந்தப் படியிலேயே ஒவ்வொரு கட்டடத்தின் அடித்தளத்தையும் தாளில் வெட்டி நிலத்தில் பதித்து, அந்த இடத்தை மட்டமாக்கிவிடுங்கள். கட்டடம் பிறகுதான் வரும். அதற்குரிய மட்டமான இடமும், விளக்கு வயர் இறங்குவதற்கான துளையும் இப்போதே வேண்டும்.

5. பிளாஸ்டர் மேற்பரப்பு, பாறை, சுரங்கவாயில்

தண்டவாளத்தை மாஸ்கிங் டேப்பாலும், பாயின்ட் இயக்கிகளைப் பிளாஸ்டிக் தாளாலும் மூடிய பிறகே பிளாஸ்டரைத் திறங்கள். உலர்ந்த பிளாஸ்டர் படிந்த துணிச்சுருளான பிளாஸ்டர் துணியை உள்ளங்கையை விடச் சற்றே பெரிய துண்டுகளாக முன்கூட்டியே உலர்ந்த கையால் வெட்டி அடுக்குங்கள். ஈரக் கையால் வெட்டினால் மீதிச் சுருள் முழுதும் இறுகிவிடும். ஒவ்வொரு துண்டையும் நீரில் ஓரிரு நொடி முக்கியெடுத்து, முந்தைய துண்டின் பாதியை மூடுமாறு பரப்பி, விரலால் தடவித் துணியின் கண்களை அடைத்துவிடுங்கள்.

பாறைகளை ரப்பர் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்து ஒட்டலாம். ஒரே அச்சைத் திருப்பாமல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவதுதான் இங்கே நடக்கும் தவறு. அடுக்குக்கோடுகள் எல்லாம் ஒரே சாய்வில் ஓடட்டும், ஆனால் ஒரே பிளவு இரண்டு முறை கண்ணில் படக்கூடாது. வண்ணத்தைக் கெட்டியாகப் பூசாமல், நீர்த்த காவி, பழுப்பு, சாம்பல் நிறங்களைத் திட்டுத்திட்டாக வைத்து, அதன் மேல் மிகவும் நீர்த்த கருப்பை ஓடவிட்டால் அது பிளவுகளில் தானே தங்கும். காய்ந்த பிறகு ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெளிறிய சாம்பலைத் தொட்டு விளிம்புகளில் மட்டும் இழுத்தால் பாறை எழுந்து நிற்கும்.

சுரங்கவாயிலுக்குப் பின்னால் குறைந்தது ஒரு சாண் தொலைவுக்கு உட்சுவரும் கூரையும் அமைத்துக் கருப்புப் பூசுங்கள்; இல்லாவிட்டால் வாயில் வழியே பலகைச் சட்டம் தெரியும். உள்ளே பெட்டி தடம்புரண்டால் கை நுழைய மலையின் பின்புறத்திலோ அடியிலோ திறப்பு விடுவதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

6. அடிவண்ணமும் மண்ணும்

பிளாஸ்டர் நன்றாகக் காய்ந்ததும் முழு நிலத்துக்கும் மண்நிறத்தில் அடிவண்ணம் பூசுங்கள். பச்சை பூசுவது தவறு. எங்கேயாவது புல் உதிர்ந்தால் அடியில் மண் தெரிவது இயல்பு, பச்சை தெரிந்தால் அது வண்ணப் பூச்சு என்று உடனே புரிந்துவிடும்.

அதன் மேல் சலித்த நுண்மண் ஒரு மெல்லிய படலம். வெளியிலிருந்து எடுத்த மண்ணானால் சூட்டில் வறுத்து ஈரத்தையும் பூச்சிகளையும் போக்கிவிட்டு, மெல்லிய துணியில் சலித்து, காந்தத்தை அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். இரும்புத்துகள் இருந்தால் அது என்ஜின் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

7. தண்டவாள வண்ணமும் ஜல்லியும்

ஜல்லிக்கு முன் தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துருப்பழுப்பு பூசுங்கள். பூசிய கையோடு மேற்பரப்பைத் துணியால் துடைத்துவிட வேண்டும். பாயின்ட்டில் இருபுறமும் நகரும் கூர்முனைத் தண்டவாளங்களான நாக்குகள் பக்கத்துத் தண்டவாளத்தைத் தொடும் இடத்தில் வண்ணம் பட்டால் மின்தொடர்பு அறுந்துவிடும். தண்டவாளத்தின் அடியிலுள்ள குறுக்குக்கட்டைகளான பிளாஸ்டிக் ஸ்லீப்பர்களின் பளபளப்பும் இதே சமயத்தில் மங்கட்டும்.

நிஜ ஜல்லிக்கல் 4, 5 செ.மீ. அளவில் இருக்கும், எச்.ஓ.வில் அது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். கடையில் கிடைப்பது இதைவிடப் பருமனாக இருந்தால் சலித்துக்கொள்ளுங்கள். பருத்த ஜல்லி தண்டவாளத்தையே சிறிதாக்கிக் காட்டும்.

இனி, ஒரு சாண் நீளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இரு தண்டவாளங்களுக்கு நடுவே ஜல்லியைக் கோடாக ஊற்றி, மென்மையான தட்டைத் தூரிகையால் தடவி ஸ்லீப்பர்களின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி பரப்புங்கள். தூரிகையின் பிடியால் தண்டவாளத்தை இலேசாகத் தட்டினால் ஸ்லீப்பர் மேல் நிற்கும் கற்கள் உருண்டு இடைவெளிக்குள் விழும். பிறகு தண்டவாளங்களுக்கு வெளியே இருபுறமும் சரியும் ஜல்லி ஓரங்களான தோள்கள். எல்லாக் கற்களும் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதை, பசை வைப்பதற்கு முன், கண்ணைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். பசைக்குப் பிறகு ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது. ஜல்லி வேலை பொறுமையைச் சோதிப்பதற்குக் காரணம், நேரம் முழுவதும் இந்த உலர்நிலையில்தான் செலவாகிறது. இதில் அவசரப்பட்டவர்களே பிறகு சக்கரம் தட்டும் கற்களை ஊசியால் கொத்துகிறார்கள்.

அடுத்து நனைத்தல். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை அல்லது பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டுக் கலந்த நீரை நுண்தூவியால் மேலே தூக்கிப் பிடித்துத் தூவுங்கள். நேராகப் பீய்ச்சினால் கற்கள் குழியாகும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றுவதால் ரயில் மின்சாரத்தை முன்பே அணைத்திருக்க வேண்டும். ஜல்லி முழுவதும் நனைந்து நிறம் கருத்ததும், ஒரு பங்கு வெள்ளைப் பசைக்கு இரண்டு பங்கு நீர் கலந்து, அதிலும் ஒரு சொட்டுத் திரவம் சேர்த்து, சொட்டுக்குழாயால் ஸ்லீப்பர்களுக்கு நடுவே வையுங்கள். நனைந்த ஜல்லி பசையைத் தானே உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். நனையாத ஜல்லியில் பசை உருண்டையாகத் திரண்டு கற்களைத் தூக்கிக்கொண்டு உருளும். தொடக்கத்தில் கைவிட்டவர்களில் பெரும்பாலோர் இந்தக் காட்சியைக் கண்டே கைவிட்டார்கள்.

பாயின்ட்டுகளைத் தனியாகக் கையாளுங்கள். நாக்குகளும் அவற்றை இணைத்து நகர்த்தும் குறுக்குச்சட்டமும் இருக்கும் இடத்தில் கற்களை இடாமல், பலகைக்கு அடர்ந்த சாம்பல் பூசிவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் மட்டும் ஜல்லி இடுங்கள். பசை காயும் நேரத்தில் பாயின்ட்டை அவ்வப்போது இருபுறமும் நகர்த்திக்கொண்டே இருங்கள். இதைச் செய்யாமல் தூங்கப்போனதால் மறுநாள் காலை ஒரு பாயின்ட்டை நான் மொத்தமாக அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று.

24 மணி நேரம் விடுங்கள். அதன் பிறகு தளர்ந்த கற்களை உறிஞ்சி எடுத்து, தண்டவாளத்தின் மேல்முகத்தைத் துடைத்து, முதல் படியின் ஓட்டச் சோதனையை மீண்டும் ஒருமுறை முழுதாகச் செய்யுங்கள்.

8. நீர்நிலை

புல்லுக்கு முன் நீர் வர வேண்டும். நீர்போலத் தெரிய ஊற்றி இறுகவிடும் திரவமான ரெசின் கரையிலுள்ள புல் இழைகளைப் பற்றி மேலேறி, அங்கெல்லாம் ஈரக்கறை படிந்ததுபோல ஆக்கிவிடும்.

படுகையின் நடுவே அடர்ந்த நிறமும் ஓரத்தில் மண்நிறமும் பூசினால் ஆழம் தோன்றும். சிறு வெடிப்பு வழியாகக்கூட ரெசின் கசிந்து தரையில் சொட்டும் என்பதால் படுகையை இரண்டு முறை பூசி அடைத்து, தளம் மட்டமாக இருப்பதை ரசமட்டத்தால் உறுதிசெய்யுங்கள். ஒரே ஊற்றில் நிரப்பாமல் 3 மி.மீ. அளவில் அடுக்கடுக்காக ஊற்றி, ஒவ்வொன்றும் இறுகும்வரை தூசு விழாமல் அட்டையால் மூடி வையுங்கள். கையுறை கட்டாயம்.

9. கட்டடங்கள்

கட்டடப் பாகங்களை, அவை இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும் முன்பே, அல்லது வெட்டி ஒட்டும் முன்பே வண்ணம் பூசுங்கள். சன்னல் சட்டத்தைச் சுவரில் ஒட்டிய பிறகு கை நடுங்காமல் பூசுவது எவருக்கும் கடினம். செங்கல் சுவருக்கு முதலில் செங்கல் நிறம் பூசி உலரவிட்டு, அதன் மேல் நீர்த்த வெளிர்சாம்பலைத் தடவி, உடனே துணியால் குறுக்கே துடைத்தால் இடைவெளிகளில் மட்டும் சாந்துக்கோடு நிற்கும்.

வெயில் மழை பட்ட தோற்றத்தைத் தருவதற்குத் தண்ணீர் எப்படி இறங்கும் என்று யோசித்தாலே போதும். சன்னல் விளிம்பின் இரு மூலைகளிலிருந்து கறை கீழ்நோக்கி இறங்கும். மழைநீர்க் குழாயின் இணைப்புகளில் துரு வழியும். சுவரின் அடியில் 3, 4 மி.மீ. உயரத்துக்கு மண் தெறித்து நிறம் மாறியிருக்கும், எச்.ஓ.வில் அது ஏறத்தாழ ஓர் அடி. சுவர் முழுவதும் ஒரே சீராகக் கருப்புப் பூசுவது பழமையைத் தராது, அழுக்கைத்தான் தரும்.

விளக்கு வைப்பதானால் சுவர்களின் உட்புறத்துக்குக் கருப்புப் பூசுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் சுவரே ஒளிரும். 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு 1 கிலோ ஓம் தடையம் வைத்தால் சுமார் 9 மில்லி ஆம்பியர் ஓடும். வீட்டு விளக்குக்கு அதுவே கண்ணைக் கூசும், 4.7 கிலோ ஓம் வைத்து மங்கலாக்கினால்தான் அறைக்குள் விளக்கு எரிவதுபோலத் தெரியும். கூரையை ஒட்டாமல் பொருத்தி வையுங்கள், பழுதான விளக்கை மாற்ற வேறு வழியில்லை.

இனி இருத்துதல். கட்டடம் நிலத்தின் மேல் வைத்ததுபோல் நிற்பதற்குக் காரணம் சுவரடியில் தெரியும் மயிரிழை நிழல்தான். 2, 3 மி.மீ. ஆழமுள்ள குழியில் அடித்தளம் அமரும்படி நிலத்தைச் செதுக்கி, கட்டடத்தை இறக்கி, சுவரோரம் நுண்மண்ணைத் தூரிகையால் தள்ளி, நீர்த்த பசையைச் சொட்டுச்சொட்டாக வையுங்கள். பிறகு ஓரிரு இடத்தில் மட்டும் புல்லும் களையும் சுவரைத் தொடட்டும். எத்தனை விலையுயர்ந்த கட்டடமும் இந்தக் கால்மணி நேர வேலை இல்லாமல் நிலத்தோடு ஒட்டுவதில்லை.

நடைமேடைக்கும் சாலைக்கும் இதே முறைதான். சாலையை அடர்கருப்பாக விடாமல் வெளிறிய சாம்பலாக்குங்கள். கடவுப்பாதையில் சாலையின் மட்டம் தண்டவாளத்தைவிடச் சற்றே தாழ்ந்திருந்தால் சக்கரமும் தட்டாது, துடைக்கும் துணியும் சிக்காது.

10. புல், புதர், மரம்

மின்னூட்டத்தால் நிமிர்ந்து நிற்கும் செயற்கைப் புல் இழைகள் 2, 4, 6 மி.மீ. நீளங்களில் கிடைக்கின்றன. எச்.ஓ.வில் 2 மி.மீ. இழை 17 செ.மீ. உயரப் புல்லாகிறது, 6 மி.மீ. இழை அரை மீட்டரைத் தாண்டுகிறது. மேய்ச்சல் நிலத்துக்குக் குட்டையும், பாதையோரக் கரைக்கு நெடியதும் கலந்து இடுங்கள். பசையைப் பூசி, இழைகளை மின்னூட்டித் தூவும் கருவியான தூவியின் பூமி வயரோடு இணைந்த ஆணியை அந்த ஈரப்பசைக்குள் குத்துங்கள். ஆணி காய்ந்த இடத்தில் நின்றால் இழைகள் படுத்துவிடும். என்ஜின்களை அகற்றி, டிஜிட்டல் கட்டுப்பாட்டுக் கருவியின் வயர்களையும் கழற்றிவிட்டே தூவியை இயக்குவது நல்லது. ஒட்டாத இழைகளை, தூசு உறிஞ்சியின் வாயில் மெல்லிய காலுறையைக் கட்டி மீட்டெடுக்கலாம்.

ஒரே பச்சையில் முழுத்தளத்தையும் மூடிவிடாதீர்கள். பள்ளத்தில் பசுமையும், மேட்டிலும் நடமாட்டமுள்ள இடங்களிலும் வைக்கோல் நிறமும், இடையிடையே வெறும் மண்ணும் வேண்டும்.

புதர்கள் வேலியடியிலும் பாறையிடுக்கிலும் சேரும். மரங்களில் உயரமானவற்றை முன்னாலும் குட்டையானவற்றைப் பின்திரையருகிலும் நட்டால் தளத்தின் ஆழம் கூடும். வேருக்குத் துளையிட்டு நட்டு, அடியில் கொஞ்சம் உதிர்ந்த இலைத்துகள் தூவுங்கள். ஒற்றை மரங்களைச் சம இடைவெளியில் நடுவதைவிட மூன்று, ஐந்து எனக் கூட்டமாக நட்டுவிட்டு நடுவே வெளியை விடுவதே மேல்.

11. சிறு நுணுக்கங்கள்

வேலி, தந்திக்கம்பம், சைகைக்கம்பம், ஆட்கள், சாமான் பெட்டிகள் கடைசி. இவை எளிதில் ஒடிபவை, முன்பே வைத்தால் சட்டைக்கை பட்டே பாதி போய்விடும். தண்டவாளத்துக்கு மிக அருகில் நிற்பவற்றை முதல் படியில் வரைந்த இடைவெளிக் கோட்டோடு மறுபடி ஒப்பிடுங்கள்.

ஓடுகிற, கையசைக்கிற ஆட்களைத் தவிர்ப்பது என் வழக்கம். ரயில் நகரும்போது அவர் மட்டும் காற்றில் கால் தூக்கியபடி உறைந்திருப்பது முதலில் கண்ணை உறுத்தும். பெஞ்சில் அமர்ந்தவரும் தூணில் சாய்ந்தவரும் எத்தனை சுற்று ரயில் வந்தாலும் பொருந்துவார்கள். பத்துப் பேரைத் தளம் முழுக்க இறைப்பதற்குப் பதில் நடைமேடையின் ஒரு முனையில் நால்வரை நிறுத்தி, மறுமுனையைக் காலியாக விடுங்கள்.

பளபளக்கும் பிளாஸ்டிக் எதுவாயினும், ஆள் முதல் குப்பைத்தொட்டி வரை, வைக்கும் முன் மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சுக் காண வேண்டும். வைத்த பிறகு தெளித்தால் அது தண்டவாளத்திலும் படும். எல்லாம் நிலைத்த பின் தண்டவாளத்தின் மேல்முகத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பென்சில் கட்டிய அதே நீளப்பெட்டியை மெல்லத் தள்ளிக்கொண்டு முழுச்சுற்றும் போய் வாருங்கள். எங்கேனும் ஒரு கிளையோ வேலிக்கம்பியோ பெட்டியை உரசினால், அதை வளைக்கவோ நறுக்கவோ அன்றைக்கே கத்தரியை எடுத்துவிடுங்கள்.